பாட்டுக்குள் இருக்கும் சுவர்கள்

சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ ரயில் நிலையத்திலிருந்து படிகளில் இறங்கிச் சற்று நடந்தால் ஏரிக்கரை வந்துவிடுகிறது. நான் போய்ச் சேர்ந்தது டிசம்பர் மாதத்தின் ஒரு பிற்பகல். ஜெனீவா ஏரியின் மேல் மூடுபனி தாழப் படிந்து, எதிர்க்கரை மலைகளை முழுவதும் மறைத்திருந்தது. டீப் பர்ப்பிள் குழுவின் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாடலைப் பதினைந்து வயதிலிருந்து கேட்டு வருகிறேன். தண்ணீரின் மேல் புகை என்ற அந்தத் தலைப்பு கவிதைக்காகச் சொல்லப்பட்டதல்ல, ஒருவர் ஜன்னல் வழியே கண்ட காட்சி என்பது புத்தியில் முன்பே இருந்தாலும், அந்த வெண்மையைப் பார்த்தபடி நின்றபோதுதான் மனதில் இறங்கியது.

எனக்குப் பிடித்த ராக் பாடல்கள் எந்தெந்த அறைகளில் பதிவாயின என்று தேடிப் போவதைச் சில ஆண்டுகளாக வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். பிறந்த வீடுகள், கல்லறைகள், சிலைகள் ஆகியவற்றில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. கிட்டாரிலிருந்து கிளம்பிய ஒலி எந்தச் சுவரில் மோதித் திரும்பி மைக்குக்குள் போனது என்பதை அறிய வேண்டும் என்பதே என் ஆவல். மொழி புரியாத பாடல்களில் இந்த ஆவல் இன்னும் கூடுகிறது, ஏனெனில் சொல் விலகி நிற்கும் இடத்தில் அறை முன்னால் வந்து பேசுகிறது.

1971ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் தேதி மோந்த்ரோ கேசினோ அரங்கில் அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது, கூட்டத்தில் ஒருவர் சமிக்ஞைத் துப்பாக்கியால் கூரையை நோக்கிச் சுட்டார். கூரை பற்றிக்கொண்டது, கட்டடம் முழுவதும் எரிந்து போனது. உயிரிழப்பு எதுவும் இல்லாமல் மக்கள் வெளியேறியது பெரும் பேறு. மறுநாள் முதல் அதே அரங்கில் தங்கள் அடுத்த ஆல்பத்தைப் பதிவு செய்ய வந்திருந்த டீப் பர்ப்பிள் குழுவினர், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவிடம் வாடகைக்கு எடுத்த நடமாடும் ஒலிப்பதிவு லாரியோடு, இடமில்லாமல் நின்றார்கள். பெவிலியன் என்ற அரங்கம் கிடைத்தது. அங்கே அவர்கள் முதலில் வாசித்தது, பிற்பாடு உலகமெங்கும் கிட்டார் பழகுகிற பிள்ளைகள் எல்லோரும் முதல் வாரத்திலேயே வாசித்துப் பார்க்கிற அந்த ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் குறுகிய கிட்டார் வரி. இரவில் எழுந்த சத்தத்தைப் பொறுக்காத அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, போலீஸ் வந்து கதவைத் தட்ட, பதிவு முடியும் வரை உதவியாளர்கள் உள்ளிருந்து கதவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்களாம்.

அந்த ரிஃபின் மேல் சுரங்களை நம் சுரங்களில் சொல்வதானால், சட்ஜமம், சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம் என்று ஏறி, இரண்டாம் சுற்றில் பிரதி மத்தியமத்தை ஒரு கணம் தொட்டுவிட்டுச் சுத்த மத்தியமத்தில் வந்து அமர்கிறது. இரண்டு மத்தியமங்களும் அடுத்தடுத்து ஒலிப்பதில்தான் அதன் முரட்டு அழகு இருக்கிறது. ஒவ்வொரு சுரத்தையும் அதற்கு நான்காவதாகக் கீழே இருக்கும் சுரத்தோடு சேர்த்து, மீட்டுகோலைத் தவிர்த்து விரல்களாலேயே இழுத்து வாசித்தார் ரிச்சி பிளாக்மோர். இரண்டு தந்திகளும் ஒரே நொடியில் அதிர்வதால் அந்த ஒலிக்கு ஒரு தடிமன் வந்துவிடுகிறது.

பெவிலியனை விட்டு வெளியேற்றப்பட்ட பிறகு அவர்கள் போன இடம், குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்த கிராண்ட் ஹோட்டல். அதன் தாழ்வாரத்தில் மெத்தைகளை நிறுத்தி வைத்து எதிரொலியை அடக்கி, வெளியே நின்ற லாரி வரை கேபிள் இழுத்தார்கள். வாசித்ததைக் கேட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அறைகளையும் பால்கனிகளையும் கடந்து லாரிக்குப் போய்த் திரும்ப வேண்டியிருந்ததால், ஒரு கட்டத்தில் போவதையே நிறுத்திவிட்டார்கள். 1972இல் வெளிவந்த 'மெஷின் ஹெட்' ஆல்பத்தின் இறுக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். திரும்பக் கேட்டுத் திருத்த வழியில்லாதபோது, வாசிக்கிறவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஒரே மூச்சில் வாசிக்கத்தான் வேண்டும்.

கேசினோ 1975இல் மீண்டும் எழுந்தது. அதற்குள் அமைந்த மவுண்டன் ஸ்டூடியோவைப் பிற்பாடு குயீன் குழுவினர் வாங்கினார்கள். இப்போது அந்த அறை ஒரு சிறிய கண்காட்சியாக இருக்கிறது. ஏரியைப் பார்த்தபடி கையை உயர்த்தி நிற்கும் அந்தக் குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்க்குரி சிலையின் முன் கூட்டம் இருந்தது. நான் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை.

பெர்லினுக்கு நான் போனது ஒரே ஒரு கூடத்தைப் பார்ப்பதற்காக என்று சொன்னால் மிகையாகாது. கோத்தனர் தெருவில் 38ஆம் எண் கட்டடம், 1913இல் கட்டட மேஸ்திரிகளின் சங்கத்துக்காக எழுப்பப்பட்டது. அதற்குள் இருக்கும் மைஸ்டர்ஸால் என்ற கூடம் முதலில் வாத்திய இசைக் கச்சேரிகளுக்கு உரியதாக இருந்து, பின்னர் ஹான்ஸா ஸ்டூடியோவின் பெரிய அறையாக மாறியது. ஆங்கிலப் பாடகர் டேவிட் போவி 1977 கோடையில் 'ஹீரோஸ்' பாடலைப் பதிவு செய்தபோது, பெர்லின் சுவர் இந்தக் கட்டடத்துக்கு மிக அருகில் நின்றது. கட்டுப்பாட்டு அறையின் ஜன்னலிலிருந்து காவல் கோபுரம் தெரிந்தது.

இசைச் சுற்றுலா ஒன்றில் சேர்ந்துதான் உள்ளே போக முடிந்தது. மரத் தரையும் உயர்ந்த கூரையும் கொண்ட அந்தக் கூடத்தில், எங்களை அழைத்துப் போனவர் பேச்சை நிறுத்திவிட்டு ஒருமுறை கைதட்டினார். அந்த ஓசை மேலே போய், சற்றே தாமதித்து, மென்மையாகி, எங்கிருந்து வருகிறது என்று தெரியாத ஒன்றாகத் திரும்பி வந்தது. நூற்றுக்கணக்கான முறை காதொலிப்பானில் நான் கேட்டிருந்த ஒன்று, எந்தக் கருவியும் இல்லாமல் காற்றில் கேட்டது. எனக்கு மெய்சிலிர்த்தது.

தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி இந்தக் கூடத்தைப் பாட வைத்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். போவியின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் ஒரு மைக், ஏறத்தாழ 6 மீட்டர் தள்ளி இரண்டாவது, 15 மீட்டர் தள்ளி மூன்றாவது என வைத்தார். குரல் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு உயர்ந்தால்தான் இரண்டாவது மைக் திறக்கும். இன்னும் உயர்ந்தால்தான் மூன்றாவது திறக்கும் என்று கருவிகளை அமைத்தார். முதல் சரணங்களில் காதருகே தணிந்து பேசுகிற குரல், பின்பகுதியில் கத்தத் தொடங்கியவுடன் கூடம் மொத்தமும் அதன் பின்னால் எழுந்து நிற்கிறது. அறை கேட்க வேண்டுமானால் பாடகர் கத்தித்தான் ஆக வேண்டும். பிரிந்து கிடந்த ஊரில், சுவரருகே சந்திக்கும் இருவரைப் பற்றிய பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருந்திருக்க முடியாது. கிட்டார் வாசித்த ராபர்ட் ஃப்ரிப்பும் அறையையே கருவியாக்கினார். ஆம்பிளிஃபயரிலிருந்து எத்தனை அடி தள்ளி நின்றால் எந்தச் சுரம் தானாகவே நீண்டு ஒலிக்கிறது என்று கண்டறிந்து, தரையில் நாடா ஒட்டிக் குறித்துக்கொண்டு, அடையாளத்துக்கு அடையாளம் நகர்ந்தபடி வாசித்தார். பாடல் முழுக்க மேலே மிதந்துகொண்டிருக்கும் அந்த நீண்ட ஒலி அப்படி நடந்து வாசித்ததுதான்.

1987 ஜூன் மாதம் போவி பழைய ஜெர்மன் நாடாளுமன்றமான ரைஷ்டாக் கட்டடத்தின் முன் பாடியபோது, சுவரின் கிழக்குப் பக்கத்தில் இளைஞர்கள் திரண்டு நின்று கேட்டார்கள். போலீஸ் அவர்களைக் கலைத்தது. இன்று ரைஷ்டாக்கிலிருந்து ஹான்ஸாவரை தடையில்லாமல் நடந்தே போய்விடலாம். அந்த மாலையில் நான் நடந்தேன், பாட்டை மீண்டும் மீண்டும் போட்டுக்கொண்டு.

லிவர்பூலைப் பற்றி இங்கே சுருக்கமாகவே சொல்லத் தோன்றுகிறது. பீட்டில்ஸ் குழு 1961 முதல் 1963 வரை ஏறத்தாழ முந்நூறு முறை வாசித்த கேவர்ன் நிலவறை 1973இல் மூடப்பட்டுவிட்டது. இப்போது மேத்யூ தெருவில் இருப்பது, பழைய செங்கற்களில் ஒரு பகுதியைக் கொண்டு 1984இல் மறுபடியும் கட்டப்பட்டது. தாழ்ந்த செங்கல் வளைவுகளுக்கு அடியில் டிரம்ஸ் நெஞ்சில் வந்து இடிப்பதை உணர முடிந்தது. ஆனால் பழைய அறை அது அல்ல என்ற நினைப்பு என்னை விடவில்லை.

ஐஸ்லாந்தில் நிலைமை நேர்மாறானது. அறை அப்படியே இருக்கிறது, என்னால்தான் உள்ளே போக முடியவில்லை. ரேய்க்யவிக் நகரை ஒட்டிய மோஸ்ஃபெல்ஸ்பேர் என்ற ஊரில், 1930களில் கட்டப்பட்ட பழைய நீச்சல் குளம் ஒன்றை சிகுர் ரோஸ் குழுவினர் ஸ்டூடியோவாக மாற்றினார்கள். அதன் பெயரே சுன்ட்லாகின், அதாவது நீச்சல் குளம். உள்ளே யாரோ பதிவு செய்துகொண்டிருந்ததால், பக்கத்தில் ஓடும் வார்மா ஆற்றின் கரையில் உட்கார்ந்து, அந்தக் குளத்தில் பிறந்த 2002ஆம் ஆண்டு ஆல்பத்தைக் கேட்டேன். அதற்குப் பெயர் இல்லை, இரண்டு அடைப்புக்குறிகள் மட்டுமே இருக்கின்றன. எட்டுப் பாடல்களுக்கும் வெளிவந்தபோது தலைப்பு இல்லை. குழுவின் பாடகர் யோன்சி அதில் பாடுவது எந்த மக்களும் பேசாத, குரலின் போக்குக்காக அவர்களே அமைத்துக்கொண்ட ஒலிகள். செல்லோ வில்லால் கிட்டாரைத் தேய்த்து அவர் எழுப்பும் ஓசைக்குத் தொடக்கமும் முடிவும் தெளிவாகக் கேட்பதில்லை. முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் நடுவில் 36 விநாடி மௌனம் வருகிறது. அந்த 36 விநாடியில் ஆற்றின் சலசலப்பு காதொலிப்பானுக்குள் புகுந்து வந்தது. அதற்குப் பிறகு வீட்டில் அந்த ஆல்பத்தைக் கேட்கும்போதெல்லாம், அந்த மௌனத்தில் எனக்கு ஆறு கேட்கிறது.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு நான் 2018இல் போயிருந்தேன். ப்லோகின் தெருவில் ஒரு முற்றத்தைக் கடந்து சில படிகள் கீழே இறங்கினால், ஒரு காலத்தில் அக்கம்பக்கத்துக் கட்டடங்களுக்குச் சூடு அனுப்பிய நிலக்கரிக் கொதிகலன் அறை வருகிறது. கம்சாத்கா என்று அழைக்கப்படும் அந்த அறையில், கினோ குழுவின் பாடகர் விக்டர் த்சோய் 1986 முதல் 1988 வரை கரி அள்ளிப் போடும் வேலை பார்த்தார். வேலையில்லாமல் இருப்பதையே குற்றமாகக் கருதிய சோவியத் சட்டத்தின் கீழ், அரசு அங்கீகாரம் பெறாத இசைக்கலைஞர்கள் இப்படிக் கொதிகலன் அறைகளிலும் இரவுக் காவலிலும் சேர்ந்து, மீதிப் பொழுதைப் பாட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். இப்போது அது ஓர் அருங்காட்சியகமும் சிறு கச்சேரி அரங்குமாக இருக்கிறது. சுவரெல்லாம் எழுத்து, ஒன்றன் மேல் ஒன்றாக, பல கைகளில்.

அடுக்குமாடி வீடுகளின் அறைகளில் இருபது முப்பது பேர் தரையில் நெருக்கி உட்கார, ஒரே ஒரு கிட்டாரோடு நடந்த கச்சேரிகளுக்கு ரஷ்ய மொழியில் க்வர்த்தீர்னிக் என்று பெயர். கினோவின் முதல் ஆல்பமான '45' (1982) டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லாமல் தாள இயந்திரத்தை வைத்துப் பதிவாகி, நாடாவிலிருந்து நாடாவுக்குப் பிரதியாகிக் கைமாறியே நாடெங்கும் பரவியது. மாற்றங்கள் வேண்டும் என்று கேட்கும் அவருடைய பாடலை நான் ரஷ்ய மொழி தெரியாமலேயே பல ஆண்டுகளாக விரும்பி வந்திருக்கிறேன். த்சோய் குரலை உயர்த்துவதே இல்லை. தாழ்ந்த கூரையின் கீழ் பேசுகிறவர் போல, ஒவ்வொரு சொல்லையும் சமமாக எடுத்து வைக்கிறார். போவியின் கூடத்தில் நின்ற பிறகு இந்த நிலவறையில் நின்றபோது, ஒரே காலத்து ஐரோப்பாவின் இரண்டு குரல்களுக்கும் உள்ள வேறுபாடு கூரையின் உயரத்திலும் இருக்கிறது என்று தோன்றியது. 1990 ஆகஸ்ட் 15 அன்று லாட்வியாவில் நடந்த கார் விபத்தில் த்சோய் இறந்தபோது வயது 28.

பிராகில் இதே கதையின் இன்னொரு வடிவம் இருக்கிறது. அரசு உரிமம் மறுக்கப்பட்ட பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் த யூனிவர்ஸ் குழு, நாடக ஆசிரியர் வாத்ஸ்லாவ் ஹாவெலின் கிராமத்து வீட்டில் பதிவு செய்தது. அந்தக் குழுவினர் மீது 1976இல் நடந்த வழக்குதான் மனித உரிமை கோரிய 'சாசனம் 77' இயக்கத்துக்குத் தூண்டுகோலானது. அந்த வீட்டுக்கு நான் இன்னும் போகவில்லை.

கடைசியாகச் சொல்ல வேண்டிய பாட்டுக்குச் சுவரே கிடையாது. சகாரா பாலைவனத்தின் துவாரெக் மக்களிடமிருந்து வந்த தினாரிவென் குழுவின் பெயருக்கே பாலைவனங்கள் என்று பொருள். அதைத் தொடங்கிய இப்ராஹிம் அக் அல்ஹபீப், மாலி நாட்டில் நடந்த கிளர்ச்சியில் தந்தை கொல்லப்பட்டதைச் சிறு குழந்தையாகக் கண்டவர். தகர டப்பா, ஒரு குச்சி, சைக்கிள் பிரேக் கம்பி ஆகியவற்றைக் கொண்டு தன் முதல் கிட்டாரைத் தானே செய்துகொண்டவர். அவர்கள் தங்கள் இசையை அசூஃப் என்கிறார்கள். ஊரையும் உறவையும் விட்டு விலகி நிற்கிறவனின் ஏக்கத்தைக் குறிக்கும் சொல் அது. 2011இல் வெளிவந்த 'தஸ்ஸிலி' ஆல்பத்தை அவர்கள் தென்கிழக்கு அல்ஜீரியாவின் பாறைப் பாலைவனத்தில், கூடாரத்தில் வைத்துப் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டே அது கிராமி விருது பெற்றது.

அந்தப் பாலைவனம் எனக்கு இதுவரை வாய்க்கவில்லை. பாரிஸில் ஒரு கச்சேரியில்தான் அவர்களைக் கேட்டேன். தலைப்பாகையும் நீண்ட அங்கியுமாக மேடையேறி, அவசரமில்லாமல் ஒரே தாளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நடுவில் ஒருவர் கைதட்டத் தொடங்க, அரங்கம் சேர்ந்துகொண்டது. எங்கள் கைதட்டல் பின்சுவரில் மோதி, அரைத் தாளம் பிந்தி மேடைக்கே திரும்பியது. அன்றிரவு விடுதி அறையில் 'தஸ்ஸிலி'யைப் போட்டு, அதே கைதட்டல் வரும் இடத்துக்காகக் காத்திருந்தேன். அங்கே அது கிளம்பிப் போகிறது, திரும்பி வருவதில்லை.