முப்பது வினாடி

ஜூலை 23

ஆச்சிக்குச் சர்க்கரை 240. இடது கண்ணுக்குப் புரை ஆபரேஷன் இந்த வாரமும் இல்லை.

ஜூலை 24

கேமராவுக்கு அகச்சிவப்பு ஃபில்டர் வந்துவிட்டது, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தைப் படம் பிடிக்க. 720 நானோமீட்டர். வெயிலுக்கு நேரே பிடித்தால் வெறும் கறுப்புக் கண்ணாடி. உற்றுப் பார்த்தால் உள்ளே அடர்சிவப்பாக ஏதோ. அதை மாட்டிக்கொண்டு டிவி ரிமோட்டை லென்ஸுக்கு நேரே அழுத்தி ஒரு படம் எடுத்தேன். ரிமோட் முனையில் சின்னதாக ஒரு வெளிச்சப் பொட்டு. சரி, என் பழைய கேமராவுக்கும் அகச்சிவப்பு கொஞ்சம் தெரிகிறது. சென்சாருக்கு முன்னால் அதைத் தடுக்கிற கண்ணாடி ஒன்றை வைத்துத்தான் கேமராவைச் செய்கிறார்கள். கழற்றித் தர ஆள் உண்டு. அந்தக் காசுக்கு இப்போது வழியில்லை. கசிந்து வருவதை வைத்து ஒப்பேற்ற வேண்டியதுதான். நல்ல வெயிலில், ஐஎஸ்ஓ 400, லென்ஸ் துவாரம் எஃப் 8 என்றால் ஷட்டர் 30 வினாடி திறந்திருக்க வேண்டும்.

ஆடி மாதம் இந்த ஊரில் 30 வினாடி ஒரு ஓலை அசையாமல் நிற்குமா?

ஜூலை 25

நிற்காது.

ஜூலை 27

விடியக்காலம் காற்று அடங்குகிறது, அப்போது வெயில் இல்லை. வெயில் வந்தால் கூடவே காற்றும் வந்துவிடுகிறது.

ஒன்பது மணிக்குக் கொல்லை அயனி மரம். முதலில் ஃபோகஸ் வைத்து, வளையத்தில் டேப் ஒட்டி, அப்புறம்தான் ஃபில்டரைத் திருக வேண்டும். திருகிவிட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. முதல் படம் குங்குமம் கரைத்த தண்ணீர் மாதிரி வந்தது. முற்றத்துப் புல்லைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் வைத்த பிறகு மரம் முழுக்க வெள்ளை, வானம் கிட்டத்தட்ட கறுப்பு. நுனிக் கிளைகள் மட்டும் புகை.

பச்சையம் இந்த வெளிச்சத்தை விழுங்குவதில்லை. இலைக்குள்ளே செல்களுக்கும் காற்று இடைவெளிக்கும் நடுவே அது சிதறித் திரும்பி வந்துவிடுகிறது. 1910-லேயே இயற்பியலாளர் ராபர்ட் வுட் இப்படிப் படங்கள் காட்டியிருக்கிறார். அதனால்தான் வுட் விளைவு. மரத்தைச் சொல்கிற வுட் இல்லை. நான் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆச்சி இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். “மரத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சாச்சா மக்கா?”

ஜூலை 28

எல்லாப் படத்திலும் நடுவில் ஒரு வெளுத்த வட்டம். எஃப் 11-இல் பளிச்சென்று, 5.6-இல் மங்கலாக. லென்ஸின் குணம், என் தப்பு இல்லை. தெரிந்தும் ராத்திரி ஒரு மணி வரை துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 30

212. தலையணைக்கு அடியில் ஏத்தன்பழத் தோல். யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 2

மாத்தூர் தொட்டிப்பாலம். சித்தி பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். சொட்டுமருந்து நேரத்தை மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

115 அடி உயரத் தூண்களின் கீழே நின்றால் நிழல் ஒரு பக்கம், மேலே வெயில் ஒரு பக்கம். எச்டிஆருக்கென்றே கட்டின மாதிரி இருக்கிறது: இருட்டும் வெளிச்சமும் இரண்டும் தெரிய, வெவ்வேறு நேரம் திறந்து எடுத்த படங்களை ஒன்றாகச் சேர்ப்பது. 8 வினாடி, 30 வினாடி, 2 நிமிடம். மூன்றையும் வீட்டில் வந்து சேர்த்தேன். தூண்கள் அபாரம். பறளியாறு கறுத்த தார் மாதிரி. மேலே நடந்துபோன அத்தனை பேரும் காணாமல் போய்விட்டார்கள். ஆனால் தென்னைகளுக்கு மும்மூன்று ஓலை, ஒன்றின்மேல் ஒன்றாக. எடிட்டிங்கில் ஸ்லைடரைக் கொஞ்சம் கூட்டியதும் தூணைச் சுற்றிக் காலண்டர் சாமிக்குப் போடுகிற ஒளிவட்டம். எச்டிஆரைக் கெடுப்பது அந்த ஸ்லைடர்தான். உப்பு மாதிரி, போட்டது தெரியக் கூடாது.

ஆகஸ்ட் 3

ஃபில்டர் இல்லாமல் அடுக்களையில் எச்டிஆர். புகையேறின மூலையும் வேண்டும், ஜன்னலுக்கு வெளியே முருங்கையும் வேண்டும். காற்று உள்ளே வராது என்று ஆச்சியை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். மூன்றாவது படத்தில் திரும்பிவிட்டாள். சேர்த்தால் இரண்டு மூக்குத்தி.

திரும்பினது சுவரைப் பார்க்க. வலது கண்ணைப் பொத்துகிறாள், எடுக்கிறாள், இடதைப் பொத்துகிறாள். “புதுக் கண்ணுக்கு இந்தச் சுவரு நீலம் போட்ட வெள்ளை. பழசுக்கு டீத்தண்ணி. எது மக்கா சரி?”

வெள்ளையடித்து ஏழு வருடம் ஆகிறது. டீத்தண்ணி என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆகஸ்ட் 5

காற்று.

ஆகஸ்ட் 6

178! வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். ஏத்தன்பழக் குலையைச் சித்தி வீட்டுக்கு அனுப்பியாயிற்று. ஆச்சி என்னோடு பேசவில்லை.

ஆகஸ்ட் 7

நாலு மணிக்குச் சட்டென்று காற்று நின்றது. நல்ல வெயில். அயனியில் ஒரு இலை ஆடவில்லை. முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஃபோகஸ் வைத்து, டேப் ஒட்டி, ஃபில்டரைத் திருகிவிட்டு எண்ண ஆரம்பித்தேன்.

பதினெட்டில் சொட்டுமருந்து அலாரம்.