பாக்கி வைத்தவரின் மெயிலை எந்தப் பக்கத்திலிருந்து மூடுவது?

வாடிக்கையாளர் ஹோஸ்டிங் பணம் (அவருடைய இணையதளத்தையும் மெயிலையும் நம் சர்வரில் வைத்திருப்பதற்கான கட்டணம்) பாக்கி வைத்தால், இணையதளத்தை நிறுத்துவதில் பெரிய சிக்கல் இல்லை. பணம் வந்ததும் திறந்தால் பழையபடி ஓடும். மெயில் அப்படியல்ல. மூடியிருந்தபோது திரும்பிப் போன மெயில் போனதுதான். அதில் வாடிக்கையாளருக்கு வந்த பர்ச்சேஸ் ஆர்டரும் இருந்திருக்கலாம்.

அதனால் முதலில் மூட வேண்டியது வெளியே போகும் மெயிலை மட்டும். எதுவும் தொலையாது, வாடிக்கையாளரிடமிருந்து ஃபோனும் சீக்கிரம் வரும். ஒரு வாரம் பார்த்தும் அசைவில்லையா, ஐமேப், பாப் (ஃபோனும் கணினியும் பெட்டியிலிருந்து மெயிலை எடுக்கும் வழிகள்) லாகினை நிறுத்துங்கள்; மெயில் பெட்டியில் சேரட்டும். வருகிற மெயிலை மறுப்பது கடைசிப் படி.

அதிலும் நம் சர்வர் எந்தப் பதில் எண்ணைச் சொல்லி மறுக்கிறது என்பது முக்கியம். 450 என்றால் 'பிறகு வா'. அனுப்பிய சர்வர் மெயிலை வரிசையில் வைத்து மறுபடி முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள் இயல்பாக 5 நாள் வரை விடாது. எல்லா சர்வருக்கும் அந்தப் பொறுமை கிடையாது, 2 நாளுக்கு மேல் நம்ப வேண்டாம். 550 என்றால் 'இனி வராதே'. அனுப்பியவருக்கு உடனே பவுன்ஸ் ('மெயில் சேரவில்லை' என்ற அறிவிப்பு) போகும், செய்திமடல்காரர்கள் முகவரியையே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். டொமைனையே சர்வரிலிருந்து நீக்குவதும் இதே வேலைதான்: 'ரிலே அக்சஸ் டினைட்' என்று பெரும்பாலும் நிரந்தர மறுப்பு போகும். சோம்பேறி வழி, செய்யாதீர்கள்.

லாகினை நிறுத்தியும் மெயில் புழக்கம் நிற்கவில்லையா? ஏற்கெனவே திறந்திருக்கும் ஐமேப் இணைப்பு தானாக அறுந்துவிடாது. ஐமேப்பைக் கவனிக்கும் டவ்காட் மென்பொருளில் அந்தப் பயனரை 'கிக்' செய்து வெளியேற்ற வேண்டும். ஃபார்வர்டு போட்டிருந்தால் வருவதெல்லாம் ஜிமெயிலுக்குப் போய்க்கொண்டிருக்கும். இணையதளத்தின் தொடர்புப் படிவம் லாகின் இல்லாமலே சர்வருக்குள்ளிருந்து அனுப்பும். மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

நினைவூட்டலை அதே டொமைன் முகவரிக்கு அனுப்பிவிட்டு, அதையே பூட்டிவிட்டு, 'சொன்னோமே' என்பதில் நியாயமில்லை. கணக்கு தொடங்கும்போதே வேறொரு மெயிலும் மொபைல் எண்ணும் வாங்கி வையுங்கள். வெள்ளி மாலையில் மூடாதீர்கள். நெஃப்ட் என்ற வங்கிப் பணமாற்று 2019 டிசம்பரிலிருந்து ஞாயிறன்றும் ஓடுகிறது. பணம் வந்துவிடும், திறக்க ஆள் இருக்காது.

பூட்டுவதற்காகப் பாஸ்வேர்டை மாற்றுவதும் வேண்டாம். ஆபீஸிலுள்ள ஒவ்வொரு ஃபோனும் பழைய பாஸ்வேர்டோடு முட்டிக்கொண்டே இருக்கும், லாகின் தோல்விகள் குவிந்தால் தடுக்கும் ஃபெயில்2பேன் மென்பொருள் அந்த ஆபீஸின் ஐபியையே (இணைய முகவரியையே) தடுத்துவிடும். கணக்கை முடக்கினாலும் லாகின் தோல்விகள் இப்படித்தான் குவியும். பணம் கட்டியவர் 'இன்னும் வரலையே சார்' என்றால் முதலில் அந்தத் தடைப்பட்டியலைப் பாருங்கள்.