பாலுக்கு முன்னால் சோறு

28.04.2025, திங்கள்

மகளுக்கு ஒன்பதாம் மாத ஊசி, சின்னமுத்துக்கும் (தட்டம்மை) சேர்த்துப் போடுவது. கிளிநொச்சிப் பக்கம், எங்கள் வட்டக்கச்சியில் காலையிலேயே வெயில் கொளுத்தியது. ஊசிக்கு முன்னம் தராசில் இருத்தினார்கள்: 7.1 கிலோ. போன மாதம் 7. கிளினிக் மிஸ் பிள்ளையின் நிறைக் கொப்பியில் புள்ளியை வைத்துவிட்டுப் பேனை முனையால் பழைய புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். ஆறாம் மாதம் வரைக்கும் கரும்பச்சையில் ஏறி வந்த கோடு, பிறகு படுத்து, இப்போது நிறை குறையப் பார்க்கும் இளம்பச்சைக்குள் இறங்கிவிட்டது.

"என்ன குடுக்கிறனீங்கள்?"

சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. காலையும் பின்னேரமும் இரவும் என் பால். நான் டவுனுக்கு வேலைக்குப் போன பிறகு மாமி கையால் நாலு போத்தல் பால்மா. மத்தியானம் ஒரு தரம் சோறு, அதுவும் நாலு வாய்.

"வயிறு நிறையப் பாலை ஊத்தினால் பிறகெங்க பசிக்கிறது?"

பிறக்கும்போது பிள்ளை கொண்டுவரும் இரும்புச்சத்து ஆறு மாதத்தோடு முடிந்துவிடுமாம். தாய்ப்பாலில் இரும்பு குறைவு. ஒன்பது மாதத்துக்கு மேல் ஒரு நாளைக்கு 300 கலோரியாவது சாப்பாட்டால் வரவேண்டும், மூன்று நாலு தரம் கொடுக்கவேண்டும். "தாய்ப்பாலை நிப்பாட்டச் சொல்லேல்ல, அது ரெண்டு வயசு வரைக்கும் குடுங்கோ. பகல் போத்தலைக் குறையுங்கோ. முதல் சோறு, பிறகு பால். போத்தல் வேண்டாம், கோப்பையால பருக்குங்கோ."

29.04.2025

மாமியிடம் சொன்னேன். முறத்தில் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை.

"பால் இருக்கேக்க என்னத்துக்குப் பிள்ளை குறைக்கிறது? இல்லாட்டி வேற கதை."

இவர் வழக்கம்போல இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். சிறுபோகம் விதைத்த நேரம், ஆளைப் பிடிக்க முடியாது.

02.05.2025, வெள்ளி

நாலு போத்தலை மூன்றாக்கினோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டக் கூடாது, மூன்று நாலு நாளுக்கு ஒன்று என்று மிஸ் சொன்னது.

சாப்பாட்டில் பிழை என்னுடையது. இவ்வளவு நாளும் கஞ்சியை வடியில் விட்டுத் தண்ணீர் மாதிரிக் கொடுத்திருக்கிறேன், தொண்டையில் சிக்கிவிடும் என்ற பயத்தில். தண்ணீர்க் கஞ்சியில் என்ன இருக்கிறது? பாலை விடவும் மோசம். இன்று சிவப்புப் பச்சையரிசியும் பயறும் குழைய அவித்து, பூசணித் துண்டு ஒன்றும் ஒரு பிடி முருங்கையிலையும் போட்டு, இறக்கும் நேரம் ஒரு கரண்டி கட்டித் தேங்காய்ப்பால் விட்டேன். மிக்சியில் அடிக்காமல் விரலால் மசித்தேன். கரண்டியைச் சரித்தால் வழியக் கூடாது, அப்படியே ஒட்டி நிற்கவேண்டும். உப்பும் சீனியும் இல்லை, ஒரு வயதுக்குப் பிறகுதான். நான் நக்கிப் பார்த்தேன், எனக்கு இறங்கவில்லை. அவளுக்கு உப்பு என்றால் என்னவென்றே தெரியாதே, ஆறு வாய் இறங்கியது. ஏழாவது வாயை நாக்கால் வெளியே தள்ளிவிட்டுச் சிரித்தாள். சரி, போதும் என்று விட்டுவிட்டேன். வாயைப் பிடித்துத் திணித்தால் நாளைக்குக் கோப்பையைக் கண்டதுமே அழுவாள்.

04.05.2025

வேலையால் வந்த கையோடு கொடுக்கும் பாலையும் சோற்றுக்குப் பின்னால் தள்ளியிருக்கிறேன். அவளுக்குப் பிரச்சினையில்லை, எனக்குத்தான். இரண்டு நாளாக நெஞ்சு கல்லுப் போலக் கட்டி, சட்டையெல்லாம் நனைந்தது. சுடுதண்ணீர்த் துணி வைத்து, நோவு அடங்கும் அளவுக்கு மட்டும் கையால் பீய்ச்சிவிட்டேன். முழுக்கப் பீய்ச்சினால் திரும்ப ஊறிவிடும்.

இன்னொன்று. குசினிப் பக்கம் பால் போத்தல் சூப்பி ஒன்று கழுவி வெயிலில் காய்கிறது. கணக்குக்கு வராத சூப்பி. நான் ஒன்றும் கேட்கவில்லை. இவரின் தங்கச்சி, மச்சாள், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வெளியே போனாள்.

07.05.2025, புதன்

காய்ச்சல், 38.4. ஊசி போட்டு ஒன்பது நாள். சின்னமுத்து ஊசிக்கு ஒரு கிழமை, பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும் என்று முன்னமே சொல்லியிருந்தார்கள். கரண்டியைக் கண்டால் தலையைத் திருப்புகிறாள். அப்படியென்றால் கோப்பையும் வேண்டாம், அட்டவணையும் வேண்டாம். லீவு போட்டுவிட்டு மடியில் வைத்திருந்தேன், கேட்ட நேரமெல்லாம் பால். மாமி முகத்தில் ஒரு வெற்றிக் களை. சொல்லக் கூடாது, ஆனால் இருந்தது.

11.05.2025, ஞாயிறு

காய்ச்சல் விட்டு மூன்று நாள். விட்ட பசி திரும்பி வந்துவிட்டது. இவர் இரணைமடுக் குளத்திலிருந்து ஒரு விரால் கொண்டுவந்தார். அவித்து, சதையை நுள்ளி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் ஒவ்வொரு பூவாக உருட்டிப் பார்த்தேன். கண்ணுக்குப் படாத முள் விரலுக்குப் படும். அரை விரல் நீளச் சதையில் ஒரு முள் அகப்பட்டது. மீனும் சோறுமாகக் கோப்பையில் முக்கால்வாசி முடித்தாள்.

இப்போது பகலில் இரண்டு போத்தல் அளவு பால், அதுவும் கோப்பையால். பாதி சட்டைக்குள் போகிறது. மலம் இறுகிவிட்டது, அதுதான் புதுக் கவலை. கொதித்தாறின தண்ணீர் இடைக்கிடை பருக்கி, பப்பாப்பழம் மசித்துக் கொடுக்கிறோம்.

18.05.2025, ஞாயிறு

மத்தியானம் சந்தியில் கஞ்சி கொடுத்தார்கள். மச்சாள் தூக்குச் சட்டியில் வாங்கி வந்தாள். அரிசி, தண்ணீர், உப்பு. அவ்வளவுதான். 2009 போரின் கடைசியில் முள்ளிவாய்க்காலில் காய்ச்சினபடியே காய்ச்சவேண்டும் என்பதால் வேறு ஒன்றும் சேர்ப்பதில்லை.

மாமி ஒரு சிரட்டையில் ஊற்றித் திண்ணையில் வைத்துக்கொண்டு கனநேரம் குடிக்காமல் இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் மகளைப் பார்த்துச் சொன்னார்: "இவள் மாதிரித்தான் பத்து மாசம். எனக்குச் சாப்பாடு இல்லை, பால் வத்திப்போச்சு. மாமா பால்மாவுக்கு எண்டு விடிய வெளிக்கிட்டு வரிசையில நிண்டு வெறுங்கையோட வந்தார். இதைத்தான் வடிச்சுத் தண்ணியைப் பருக்கினன்."

அந்தப் பத்து மாதப் பிள்ளை, மச்சாள், பக்கத்தில்தான் இருந்தாள். மார்ச்சில் ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவள். கதையை முந்தியே கேட்டிருப்பாள் போல, கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் திரையைத் தள்ளவும் இல்லை.

உப்புக் கஞ்சி. இருந்தாலும் மாமி சிரட்டையிலிருந்து விரலால் தொட்டு இரண்டு தரம் மகளின் நாக்கில் வைத்தபோது நான் பேசாமல் இருந்தேன்.

19.05.2025

சூப்பிகளை மாமியே எடுத்து, கழுவித் துடைத்து, ஒரு பையில் போட்டு அலுமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டார். எறியவில்லை. "கிடக்கட்டும்" என்றார். நான் ஒரு ரின் பால்மா கூடுதலாக வாங்கிப் பக்கத்தில் வைத்தேன்.

26.05.2025, திங்கள்

7.4 கிலோ. மிஸ் புள்ளி வைக்கும்போது கோடு நிமிர்ந்துவிட்டது. இன்னும் இளம்பச்சைதான், ஆனால் திசை மாறிவிட்டது. இப்போது ஒரு நாள் இப்படிப் போகிறது: விடிய என் பால், காலை குரக்கன் கஞ்சி, பதினொரு மணிக்கு முட்டை அல்லது கதலிப்பழம், மத்தியானம் சோறு, நித்திரைக்கு முன் கோப்பையில் பால்மா, பின்னேரம் சோற்றுக்குப் பிறகு என் பால், இரவும் அதுவே. இரவில் இரண்டு தரம் எழும்புகிறாள். அதை இப்போதைக்குத் தொடப்போவதில்லை, எனக்கும் ஒரு நாளைக்கு ஒரு சண்டைதான் தாங்கும்.

சோறு தீத்தும் வேலை முழுக்க மச்சாளின் கைக்குப் போய்விட்டது. அவள் பாட்டைப் போட்டுவிட்டால் மகள் வாயைத் திறந்தபடியே இருக்கிறாள்.

01.06.2025, ஞாயிறு

பாலைப்பழக் காலம். இவர் காட்டுப் பக்கம் போய் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். மகள் தவழ்ந்து வந்து பையை இழுத்தாள். மாமி ஒரு பழத்தைப் பிதுக்கி, விதையை எடுத்துவிட்டுச் சதையை மட்டும் சுட்டுவிரலில் எடுத்து வைத்தார். உமிழ்ந்தாள், திரும்பக் கேட்டாள். மூன்றாவது பழத்தோடு பாலைப்பால் உதட்டில் பிசினாக ஒட்டிக்கொண்டது. வாயைத் திறக்க முடியாமல் முழுசிக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். மச்சாள் விழுந்து விழுந்து சிரித்தாள். மாமி தேங்காயெண்ணெய் எடுக்கக் குசினிக்கு ஓடினார்.