கம்பெனி கலைப்பு மனு பாடத்தை பரீட்சைக்குப் படிப்பது எப்படி

கம்பெனி சட்டத் தாளில் பலர் "சாய்ஸில் விட்டுடலாம்" என்று தள்ளிவைக்கும் பகுதி இது. கடன் கொடுத்தவர், பணம் வராததால் கம்பெனியைக் கலைக்கச் சொல்லி கோர்ட்டுக்குப் போகிறார், கோர்ட் அந்த மனுவை என்ன செய்யும்? 1956 சட்டம், 2013 சட்டம், 2016 திவால் சட்டம் என்று மூன்றும் பின்னிக் கிடப்பதால் பிரிவு எண்களை மட்டும் உருப்போட்டால் தலை சுற்றும். எனக்குக் கைகொடுத்தது தீர்ப்புகளை முழுசாக வாசித்ததுதான். ஐந்தாறு தீர்ப்புகள் போதும்.

பழைய 1956 சட்டம் போய்விட்டதே என்று அதை விட்டுவிடாதீர்கள், இன்றைய சட்டத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. 434-ஆம் பிரிவுப்படி 500 ரூபாய்க்கு மேல் கடன், பதிவு அலுவலகத்துக்கு நோட்டீஸ், மூன்று வாரம் கழிந்தும் பணம் தரவில்லை என்றால் கம்பெனியால் கடனைத் தீர்க்க முடியவில்லை என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இதோடு நிறுத்தினால் பாதி மார்க்தான் வரும். ஏனென்றால், அப்படி எடுத்துக்கொண்டாலும் கோர்ட் கலைத்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. தள்ளுபடி செய்யலாம், ஒத்திவைக்கலாம், இடைக்கால உத்தரவு போடலாம் (443-ஆம் பிரிவு).

நேஷனல் கண்டியூட்ஸ் வழக்கைக் கட்டாயம் படியுங்கள். மனு வந்ததும் உடனே பேப்பரில் விளம்பரம் கொடுக்க வேண்டியதில்லை, ஏன் மனுவை ஏற்கக் கூடாது என்று முதலில் கம்பெனியைக் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது இதில்தான். காரணத்தை யோசித்துப் பாருங்கள். இன்ன கம்பெனி மேல் கலைப்பு மனு என்று விளம்பரம் வந்துவிட்டால் பேங்க் கடனை நிறுத்தும், சரக்கு கொடுப்பவர் ரொக்கம் கேட்பார், நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்பெனிகூட அந்த ஒரு விளம்பரத்தால் படுத்துவிடலாம். மனுவை மிரட்டலாகப் பயன்படுத்துபவருக்கு வேண்டியதும் அதுதான். இந்தக் காரணத்தோடு எழுதும் பதில் தனியாகத் தெரியும்.

அப்புறம் 1971-இன் மதுசூதன் கோர்தன்தாஸ். கடனை மறுக்கும் கம்பெனியின் வாதம் நேர்மையானதாக, கனமுள்ளதாக இருக்க வேண்டும், சட்டப்படி ஜெயிக்க வாய்ப்பிருக்க வேண்டும், அதற்கான உண்மைகளுக்கு முதல்நோக்கு ஆதாரம் (முழு விசாரணைக்கு முன்பே, மேலோட்டமாகப் பார்த்தாலே நம்பும்படியான ஆதாரம்) வேண்டும். மூன்றையும் எல்லோரும் எழுதுவார்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: கடன் இருப்பதை ஒப்புக்கொண்டு தொகையில் மட்டும் தகராறு என்றால் கம்பெனி தப்பிக்க முடியாது. "எங்களிடம் பணம் இருக்கிறது, ஆனால் தர மாட்டோம்" என்பதும் செல்லாது.

சரி, 2016-க்கு வருவோம். கடனைத் தீர்க்க முடியாமை என்ற காரணம் கம்பெனி சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டு திவால் சட்டத்துக்குப் போனது, உயர் நீதிமன்றத்தின் இடத்தில் கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் வந்தது. சரக்கோ சேவையோ கொடுத்துப் பணம் வராதவர் 8-ஆம் பிரிவில் நோட்டீஸ் கொடுத்து, பத்து நாள் பொறுத்து, 9-ஆம் பிரிவில் மனு போடுவார். நிலுவை வரம்பு முதலில் 1 லட்சம், 2020 மார்ச் 24 முதல் 1 கோடி. மனு ஏற்கப்பட்டாலும் நேரே கலைப்பு கிடையாது, முதலில் மீட்பு முயற்சி, அது தோற்றால்தான் 33-ஆம் பிரிவில் கலைப்பு.

இங்கே மோபிலாக்ஸ் (2017) தீர்ப்புதான் உயிர்நாடி. ஒரு டிவி நடனப் போட்டிக்கு வந்த ஓட்டுகள் சம்பந்தமான வேலையை எடுத்துச் செய்த கம்பெனி, அந்த வேலையைத் தன் இணையதளத்தில் போட்டுக்கொண்டது. ரகசிய ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், பணத்தை நிறுத்துகிறோம் என்று வேலை கொடுத்த மோபிலாக்ஸ் 2015 ஜனவரியில் மெயில் அனுப்பியது. திவால் நோட்டீஸ் வந்ததோ 2016 டிசம்பரில். தகராறு நோட்டீஸுக்கு முன்பே இருந்தது, அதனால் மனு நிற்கவில்லை. அந்தத் தகராறில் யார் ஜெயிப்பார்கள் என்று தீர்ப்பாயம் பார்க்க வேண்டியதில்லை, வெறும் கற்பனையாக, ஆதாரமில்லாத பேச்சாக இல்லாமல் மேற்கொண்டு விசாரிக்க வேண்டிய வாதமாக இருந்தால் போதும். மதுசூதன் வழக்கில் கேட்ட "ஜெயிக்க வாய்ப்பு" இங்கே தேவையில்லை. கேள்வித்தாளில் "ஒப்பிடுக" என்று வந்தால் இந்த வித்தியாசத்தைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

அதனால் சூழ்நிலைக் கேள்வி வந்தால் முதலில் ஓரத்தில் தேதிகளை எழுதுங்கள்: பில் தேதி, முதல் புகார் தேதி, நோட்டீஸ் தேதி. சரக்கு மட்டம் என்ற மெயில் நோட்டீஸுக்கு முன்பா பின்பா என்பதிலேயே பெரும்பாலும் பதில் வந்துவிடும்.

கடைசியாக, பழைய மனுக்கள் என்ன ஆயின என்று ஒரு சின்னக் கேள்வி வரலாம். 2016 டிசம்பர் 15-க்குள் எதிர்தரப்புக்குச் சேர்ப்பிக்கப்பட்ட மனுக்கள் உயர் நீதிமன்றத்திலேயே தங்கின, மற்றவை தீர்ப்பாயத்துக்குப் போயின. தங்கியவற்றையும் மாற்றக் கேட்கலாம் என்று 2018 திருத்தம் வழிவிட்டது. கலைப்பு வேலை திரும்ப முடியாத கட்டத்தை எட்டியிருந்தால் மட்டும் மாற்றக் கூடாது என்று 2020-இல் ஆக்‌ஷன் இஸ்பாட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதை நாலு வரியில் எழுதிப் பழகிக்கொள்ளுங்கள், போதும்.