அப்பாவின் 1100: புயல் வாரக் குறிப்புகள்

(மின்சாரம் இல்லாத நாட்களில் நோட்டில் எழுதி வைத்தவை. பிறகு தட்டச்சு செய்து போடுகிறேன்.)

டிசம்பர் 3, 2023, ஞாயிறு. மடிப்பாக்கம், சென்னை

சாயங்காலம் அப்பா தன் நோக்கியா 1100-ஐக் கொண்டுவந்து நீட்டினார். "ஏதோ மெசேஜ் வந்திருக்கு, என்னன்னு பாரு." பார்த்தால் வரிசை வரிசையாகக் கட்டங்கள். எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் எல்லாம் காலிப் பெட்டி. என் போனிலும் அதே நேரத்தில் ஒன்று வந்திருந்தது. மிக்ஜாம் புயலுக்காக, பேரிடர் மேலாண்மை ஆணையத்திடமிருந்து தமிழில் வந்த கனமழை எச்சரிக்கை. அப்பா கையில் இருக்கும் போனுக்குத் தமிழ் தெரியாது.

மாநகரப் பேருந்தில் நடத்துநராக இருந்தபோது, 2005-இல் வாங்கியது. கருப்பு வெள்ளைத் திரை, கேமரா கிடையாது, ரேடியோகூடக் கிடையாது. தலையில் ஒரு டார்ச். படித்துச் சொன்னதும், தண்ணீர்க் குடங்களை நிரப்பப் போய்விட்டார்.

டிசம்பர் 4, திங்கள்

விடிவதற்குள் மின்சாரம் போய்விட்டது. தெருவில் முழங்கால் அளவு இருந்த தண்ணீர் மதியம் இடுப்புக்கு வந்தது. நாங்கள் முதல் மாடி என்பதால் தப்பித்தோம். கீழ்வீட்டு அம்மாவும் அவர் பேரனும் மேலே வந்துவிட்டார்கள். இன்வெர்ட்டர் சாயங்காலம் வரைதான் தாங்கியது.

என் போன் காலையில் அறுபது சதவீதம் இருந்தது. நான் அதிகம் தொடவே இல்லை. இருந்தும் ராத்திரி எட்டு மணிக்கு அணைந்துவிட்டது. டவர் வருவதும் போவதுமாக இருந்தால் இப்படித்தான் ஆகும்: சிக்னல் மெலிந்தால், எட்டாத டவரை எட்டிப்பிடிக்க போன் தன் பலத்தைக் கூட்டிக்கொண்டே போகும். பின்னணியில் டேட்டாவைத் தேடும் செயலிகள் வேறு. 5000 எம்ஏஎச் பேட்டரி ஒரே பகலில் காலி.

அப்பாவின் போனுக்கும் அதே டவர் தொல்லைதான். ஆனால் அதற்குத் தேடிப்பிடிக்க ஒரே ஒரு வேலைதான் இருக்கிறது. அதோடு வந்த பேட்டரியின் அளவு 850 எம்ஏஎச், என் போனில் இருப்பதில் ஆறில் ஒரு பங்கு. சனிக்கிழமை ராத்திரி சார்ஜ் போட்டது, இன்னும் மூன்று கோடு நிற்கிறது. படிக்கட்டில் தண்ணீர் எந்தப் படிவரை ஏறியிருக்கிறது என்று அந்த டார்ச்சை அடித்துத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். 'சி' பொத்தானை அழுத்திப் பிடித்தால் போதும், இருட்டில் விரல் தானாகப் போய் நிற்கிறது.

டிசம்பர் 5, செவ்வாய்

கோயம்புத்தூரில் இருக்கும் அக்கா பதறிக்கொண்டிருப்பாள் என்று தெரியும். அவள் நம்பர் எனக்குத் தெரியாது. பத்து வருடமாகப் பெயரைத் தொட்டுத்தான் பேசியிருக்கிறேன். அப்பாவின் போனில் அது இருந்தது. அந்த போன் மொத்தம் ஐம்பது பெயர்களைத்தான் வைத்துக்கொள்ளும். அதனால் அப்பா யாரைச் சேர்ப்பது, யாரை எடுப்பது என்று யோசித்துத்தான் வைத்திருக்கிறார்: தம்பி தங்கைகள், பழைய டிப்போ நண்பர்கள் நாலு பேர், டாக்டர், பால்காரர், கேஸ் ஏஜென்சி. இப்போது எங்களுக்கு வேண்டிய எல்லோரும் அதற்குள் இருந்தார்கள்.

மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றால் ஒரு கோடு சிக்னல் கிடைத்தது. அக்காவிடம் இரண்டு நிமிடம் பேசினேன். அழுதாள். அப்பா போனை வாங்கி, "ஒண்ணும் இல்லம்மா, சாப்பிட்டோம், நீ தூங்கு" என்றார். மாலைக்குள் விஷயம் பரவி, பக்கத்து மாடியிலிருந்தும் கேட்டு வந்தார்கள். பதினோரு பேர் பேசினார்கள்.

தங்கள் சிம்மைப் போட்டுப் பேசலாமா என்று மூன்று பேர் கேட்டார்கள். முடியவில்லை. இன்றைய சிம் நகம் அளவுக்கு இருக்கிறது, இதன் பள்ளத்தில் பொருந்த, சிம்மைச் சுற்றி வரும் பெரிய பிளாஸ்டிக் சட்டம் வேண்டும். அந்தச் சட்டத்தை, சிம் வாங்கிய அன்றே எல்லோரும் தூக்கிப் போட்டிருப்போம். சட்டம் இருந்தாலும் ஜியோ சிம் இதில் எடுக்காது. அது 4ஜி-யில் தொடங்கிய வலை, இந்த போனோ 2ஜி மட்டும் பேசுவது. ஆகவே எல்லோரும் அப்பாவின் சிம்மில்தான் பேசினார்கள்.

கீழ்வீட்டு அம்மாவுக்குத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. மகன் நம்பர் அவருடைய செத்துப்போன போனுக்குள் இருக்கிறது. அதை நினைத்தால் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

டிசம்பர் 7, வியாழன்

மின்சாரம் வந்தது. அப்பாவின் போனில் கடைசிக் கோடு பாக்கி. ஐந்து நாள், அத்தனை பேருடைய பேச்சு, டார்ச் வேறு. இந்த போன் வந்த காலத்தில் 400 மணி நேரம், அதாவது பதினாறு நாள் சார்ஜ் நிற்கும் என்றுதான் சொன்னார்கள். அது புது பேட்டரிக்கு, யாரும் பேசாமல் வைத்திருந்தால். எனக்கு இந்த ஐந்து நாளே பெரிது.

டிசம்பர் 10, ஞாயிறு

குறையையும் எழுதவேண்டும். இன்று சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர் குறுஞ்செய்தியில் வந்த எண்ணைக் கேட்டார். அப்பாவுக்கு வரவே இல்லை. திரையின் மேலே உறைச் சின்னம் மின்னிக்கொண்டிருந்தது. பெட்டி நிரம்பிவிட்டது என்று அர்த்தம். ஐம்பது செய்திக்குத்தான் இடம். பழையதை அழித்தால்தான் புதியது உள்ளே வரும்.

உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தபோதுதான் கவனித்தேன், பாதிக்கு மேல் அந்தக் கட்டங்கள். ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலம் என்றால் 160 எழுத்து கொள்ளும். தமிழ் யூனிகோடில் போவதால் 70 மட்டும்தான். அதிலும் புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் தனித்தனியாகக் கணக்கு. 'எச்சரிக்கை' என்று நாம் எழுதுவது ஆறு எழுத்து, போனுக்கு அது பத்து. ஆக ஒரு நீளமான புயல் எச்சரிக்கை நாலைந்து துண்டாக வந்து, அப்பாவால் படிக்கவும் முடியாமல், கேஸ் எண்ணுக்கு இருந்த இடத்தையும் அடைத்துக்கொள்கிறது.

புயலைத் தாங்கி நிற்கிற போனால் புயல் வருகிறது என்று சொல்ல முடியவில்லை. எனக்கு இதுதான் பெரிய குறையாகப் படுகிறது. கேமரா இல்லை, வாட்ஸ்அப் இல்லை என்பதெல்லாம் அப்பாவுக்கு ஒரு பொருட்டே இல்லை. எச்சரிக்கை அவர் உயிர் சம்பந்தப்பட்டது. பட்டன் போன் வைத்திருப்பவர்களில் எத்தனையோ பேர் அப்பா வயதுக்காரர்கள், தனியாக இருப்பவர்கள்.

டிசம்பர் 16, சனி

அப்பாவோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போனேன், கூடுதலாக ஒரு பேட்டரி வாங்க. பிஎல்-5சி என்று சொன்னால் எந்தக் கடையிலும் கை நீட்டி எடுத்துத் தருகிறார்கள். பட்டன் போன், கையடக்க ரேடியோ, சின்ன ஸ்பீக்கர் என்று பலதுக்கும் அதே அளவு பேட்டரிதான். இன்றைய ஸ்மார்ட்போன்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. உள்ளே ஒட்டிய பேட்டரியை மாற்ற ஆளைத் தேடவேண்டும். இதற்கு மூடியைத் தள்ளினால் போதும்.

ஆனால் வாங்கும்போது பார்த்து வாங்கவேண்டும். நாலு வருடத்துக்கு முன் ஒரு கடையில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கியது, மூன்றே மாதத்தில் வயிறு உப்பி, மூடியைத் தள்ளிவிட்டது. உப்பிய பேட்டரியை ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது. மேசையில் தட்டையாக வைத்துச் சுற்றிப் பாருங்கள். சுழன்றால் உப்பத் தொடங்கிவிட்டது.

திரும்பும்போது அப்பா பேச்சு நோக்கியா பக்கம் போனது. எங்கள் தெருப் பெண்கள் இருவர் ஸ்ரீபெரும்புதூர் ஆலைக்கு ஷிப்ட் பஸ்ஸில் போய்வந்தவர்கள். 2006-இல் தொடங்கிய ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. உலகம் முழுக்க இந்த 1100 மட்டும் 25 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. "அந்தப் பொண்ணுங்க இப்ப எங்க வேலை பாக்குதோ" என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்ததும் ஐம்பது பெயரையும் நம்பரையும் ஒரு தாளில் எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினேன். கீழ்வீட்டு அம்மாவின் மகன் நம்பரும் அதில் இருக்கிறது.

ஜனவரி 8, 2024, திங்கள்

ராத்திரியிலிருந்து மழை. ஆபீசில் இருந்தபோது என் போனுக்கு மழை எச்சரிக்கை வந்தது. அக்காவும் நானும் பேசி வைத்திருந்தபடி, யார் முதலில் பார்க்கிறோமோ அவர் அதை ஆங்கில எழுத்தில் தமிழாக மாற்றி, 160 எழுத்துக்குள் அப்பாவுக்கு அனுப்பவேண்டும். 'அப்பா, இன்னிக்கும் பலத்த மழை இருக்கு. தண்ணி பிடிச்சு வைங்க. போன் சார்ஜ் போடுங்க.' ஒரே துண்டில் போய்விட்டது.

பத்து நிமிடம் பதில் இல்லை. நானே அழைத்தேன், லைன் பிஸி. மறுபடி அழைத்தபோது எடுத்தார். கீழ்வீட்டு அம்மாவிடம் பேசி, பைக்கை மேட்டுப் பக்கம் தள்ளி நிறுத்தச் சொல்லிவிட்டாராம். "ரெண்டு பேட்டரியும் ஃபுல்லு. நீ நேரத்தோட கிளம்பி வா" என்றார்.