உப்புக் காற்று ஊரில் முண்டு நாற்று: கூடாரத்துக்குள் 40 நாள்

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கமுதி, முதுகுளத்தூர் பக்கம் மழையை நம்பி நேரடியாகவே விதைத்துவிடுவார்கள், நாற்றங்காலுக்கு அங்கே பெரிய வேலை கிடையாது. கடலோரத்துக் கதை வேறு. உச்சிப்புளி, மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று கரையை ஒட்டிய வீட்டுத் தோட்டங்களில் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு, மேல்மண்ணிலும் உப்பு. வளர்ந்த மிளகாய்ச் செடியே உப்புக்கு அவ்வளவாகத் தாங்காது. மண்ணின் மின்கடத்துத்திறன், அதாவது உப்பின் அளவைக் காட்டும் இ.சி., 1.5 mS/cm-ஐத் தாண்டினாலே விளைச்சல் இறங்கத் தொடங்கும். முளைவிடும் விதைக்கும் ரெண்டிலைக் கன்றுக்கும் அந்த அளவு தாங்கும் சக்தியும் கிடையாது.

அதனால்தான் வீட்டுக்குள் ஒரு சின்ன வளர்ப்புக் கூடாரம், அதாவது விளக்கும் விசிறியும் மாட்டிய துணிப்பெட்டி, வைத்து நாற்றுவிடச் சொல்கிறேன். குளிரிலிருந்து காப்பாற்ற அல்ல, நல்ல தண்ணீரைச் சிக்கனப்படுத்த. 60×60 செ.மீ. கூடாரத்தில் 98 குழித் தட்டு இரண்டு உட்காரும். இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒன்றேகால் லிட்டர் குடிக்கும். 40 நாளுக்கு 50 லிட்டர் வைத்துக்கொண்டால் போதும். 196 குழியில் 160 கன்று தேறினாலும், 60×45 செ.மீ. இடைவெளியில் ஒரு செண்டுக்கு வேண்டிய 150 கன்று கிடைத்துவிடும். அந்த 50 லிட்டர் நல்ல தண்ணீரை எப்படியும் புரட்டிவிடலாம். ஒரு செண்டு மணலில் நேரடியாக விதைத்து ஒரு மாதம் நல்ல தண்ணீர் ஊற்ற இந்தக் கரையில் யாராலும் முடியாது.

கூடாரத்தோடு வரும் குறிப்புத்தாளை அப்படியே நம்ப வேண்டாம். அது குளிர் நாட்டுக்கு எழுதியது, அதிலும் பல கஞ்சா வளர்ப்பை மனதில் வைத்து எழுதியவை. கனடா போன்ற நாடுகளில் அதற்குச் சட்டம் இடம் தருகிறது. இங்கே 1985-ம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். அந்தச் செடிக்குச் சொன்ன விளக்கு நேரம், உர அளவு, வெப்பத்தை உள்ளே தேக்கும் ஏற்பாடு எதுவும் மிளகாய்க்குப் பொருந்தாது. நம் கரையில் சூட்டை வெளியேற்றுவதுதான் முழு வேலையும்.

முதலில் தண்ணீர். பேனா மாதிரி இருக்கும் இ.சி. மீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். நாற்றுக்கு 0.5-க்குள் இருந்தால் நல்லது, 0.7 வரை சமாளிக்கலாம், 1-ஐத் தாண்டினால் தொடவே வேண்டாம். போன மழையில் பிடித்து மூடி வைத்த தண்ணீர் இருந்தால் அதைவிட உசத்தி எதுவும் இல்லை. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் வீடுகளில் அதை அளந்து பார்த்துப் பயன்படுத்தலாம். இரண்டும் இல்லாவிட்டால் 25 லிட்டர் கேன் இரண்டு வாங்கினால் கதை முடிந்தது. கேன் தண்ணீரிலும் மழைத் தண்ணீரிலும் சுண்ணாம்புச் சத்து அநேகமாக இருக்காது. அதனால் லிட்டருக்குக் கால்சியம் நைட்ரேட் 0.3 கிராம், மெக்னீசியம் சல்பேட் 0.2 கிராம் கலந்துகொள்ள வேண்டும். ஆர்.ஓ. மெஷின் கழித்துத் தள்ளும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிற பழக்கம் பல வீட்டில் இருக்கிறது. வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் போகிறது, நாற்றுப் பக்கமே கொண்டு வரக்கூடாது.

அடுத்தது தென்னை நார்க்கழிவு. பெரிய 5 கிலோ கட்டி தேவையில்லை. 650 கிராம் கட்டி ஒன்று ஊறினால் 8 லிட்டருக்கு மேல் பொங்கும். இரண்டு தட்டுக்கு 6 லிட்டர், மேலே தூவக் கொஞ்சம், அவ்வளவுதான் செலவு. ‘கழுவிய நார்’ என்று அட்டையில் போட்டிருந்தாலும் நீங்கள் ஒருமுறை கழுவுங்கள். பிழிந்து வரும் தண்ணீரின் இ.சி., ஊற்றிய தண்ணீரைவிட 0.2-க்கு மேல் கூடாமல் வரும்வரை கழுவ வேண்டும். இதற்குத் தெருக்குழாய்த் தண்ணீரே போதும், கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். ஆனால் கழுவினால் போவது நாரில் சும்மா தங்கிய உப்புதான். நாரோடு ஒட்டிக்கொண்ட சோடியமும் பொட்டாசியமும் அசையாது, பிறகு நாம் கொடுக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு அவை வெளியே வரும். கன்றுக்குச் சேர வேண்டியதை நார் தின்றுவிடும். அதனால் கால்சியம் நைட்ரேட் 13 கிராமை 4 லிட்டர் தண்ணீரில் கரைத்து, கழுவிய நாரை ஒரு ராத்திரி முழுக்க ஊறவிட்டுப் பிழியுங்கள். பிறகு ஒரே ஒரு அலசல். நாலு பங்கு நாருக்கு ஒரு பங்கு பெர்லைட் (பொரித்த எரிமலைக் கல் துகள்) கலந்தால் காற்றோட்டம் நன்றாக இருக்கும். திறந்தவெளி நாற்றங்காலுக்கு மண்புழு உரம் அருமையான சரக்கு. கூடாரத்துக்குள் அதைச் சேர்த்தால் சின்னக் கறுப்பு ஈ கிளம்பி, அதன் புழு வேரைக் கடிக்கும், நான் சேர்க்கச் சொல்ல மாட்டேன்.

விதை விஷயத்தில் பெரும்பாலும் கோட்டைவிடுவது வத்தலில்தான். கடை வத்தலை உடைத்து விதை எடுத்தால் முளைப்பு பாதிகூட வராமல் போகலாம். தீக்கொதி வெயிலில் களத்தில் காய்ந்த பழத்தின் விதை வெந்துவிடும். தெரிந்த விவசாயியிடம் செடியிலேயே நன்றாகச் சிவந்த பழம் வாங்கி, நிழலில் உலர்த்தி எடுத்த அந்த வருஷத்து விதைதான் வேண்டும். 20 விதையை ஈரத்துணியில் சுருட்டி முளைக்கவிட்டுப் பாருங்கள். 16-க்குக் கீழே முளைத்தால் குழிக்கு இரண்டாகப் போட வேண்டியதுதான். கிராமுக்கு ஏறத்தாழ 150 விதை நிற்கும், குழிக்கு ஒன்றென்றால் இரண்டு கிராம் தாராளம், இரண்டென்றால் மூன்று கிராம் வேண்டும். ஆறு மணி நேரம் ஊறவைத்து, ஆறிய அரிசிக் கஞ்சியில் நாற்றழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சாணமான டிரைக்கோடெர்மா விரிடி ஒரு சிட்டிகை குழைத்துப் புரட்டி, நிழலில் அரைமணி உலர்த்தி விதையுங்கள். ஆழம் அரை செ.மீ., அதற்குமேல் போகக்கூடாது.

விதைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலிதீன் தாளால் மூடி, வீட்டுக்குள் வைத்தால் போதும். நம்மூர் 28, 30 டிகிரி முளைப்புக்கு அருமையான சூடு, கீழே வைக்கும் சூடு தட்டுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஐந்தாம் நாளிலிருந்து காலையும் மாலையும் தாளைத் தூக்கிப் பார்க்க வேண்டும். பத்தில் ஒன்று தலைகாட்டியதும் அடுக்கைப் பிரித்து விளக்கின் கீழ் போட்டுவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு நூலாக நீளும். அப்படி நீண்ட கன்று பிறகு கடைசிவரை சாய்ந்தே நிற்கும்.

விளக்குக்கு ஊதா நிறப் பலகை எதுவும் வேண்டாம். 2 அடி நீள 10 வாட் வெள்ளை எல்.இ.டி. பட்டை நாலு, கன்றுக்கு மேல் 15 முதல் 20 செ.மீ. உயரத்தில். தட்டின் மட்டத்தில் 10,000 முதல் 12,000 லக்ஸ் வெளிச்சம் கிடைத்தால் நாற்றுக்குத் தாராளம். 16 மணி நேரம் எரிய வேண்டும். அந்த 16 மணி நேரத்தை மாலை 5 மணிக்குத் தொடங்கிக் காலை 9 மணிக்கு முடியுங்கள். மதியம் அறையே 33 டிகிரியில் கொதிக்கும்போது விளக்குச் சூட்டையும் சேர்த்துவிடுவது கன்றுக்குச் செய்யும் கொடுமை. மிளகாய்க்கு இரவு எது, பகல் எது என்பது கணக்கில்லை, இருட்டு எட்டு மணி நேரம் ஒழுங்காகக் கிடைத்தால் போதும். 40 வாட் விளக்கும் 20 வாட் மின்விசிறியும் சேர்த்து மொத்தக் காலத்துக்கும் ஏறத்தாழ 40 யூனிட் ஆகும்.

140 செ.மீ. உயரக் கூடாரத்தில் காற்று அரை கன மீட்டர்தான். 4 அங்குல வெளியேற்றும் விசிறி மணிக்கு 150 கன மீட்டர் இழுத்தால் விளக்கின் சூடு ஒரு டிகிரிக்குள் அடங்கிவிடும். காற்று உள்ளே வரும் வாயில் பூச்சிவலை கட்டினால் இழுவை பாதியாகும், அதனால் வலையை வாய் அளவுக்கு ஒட்டாமல் ஒரு பெட்டி மாதிரிச் சட்டம் செய்து நாலு மடங்கு பரப்பில் கட்டுங்கள். விசிறி இன்வெர்ட்டரில் இருக்க வேண்டும், விளக்கு இருக்க வேண்டியதில்லை. கரண்ட் போய் ஒரு மணி நேரம் வெளிச்சம் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. காற்று நின்றால் ஈரம் தேங்கும், அங்கிருந்துதான் நாற்றழுகல் ஆரம்பிக்கும். கூடாரத்தைக் கடல் பார்த்த தாழ்வாரத்தில் வைக்காதீர்கள், உள்ளறையில் வையுங்கள். மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும் நாளில் இரும்புக் குழாய் மூட்டு கண்ணெதிரே துருப்பிடிக்கும். மூட்டுகளில் கிரீஸ் தடவலாம், இல்லையென்றால் முக்கால் அங்குல பி.வி.சி. குழாயில் சட்டத்தையே மாற்றிவிடலாம். விளக்குக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் பெட்டியைக் கூடாரத்துக்கு வெளியே மாட்டுங்கள்.

தண்ணீர் ஊற்றும் முறையில் ஊர் உலகம் சொல்வதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். தட்டுக்கு அடியில் தண்ணீர் வைத்து உறிஞ்சவிடச் சொல்வார்கள். உப்பு கொஞ்சமேனும் உள்ள தண்ணீரில் அது ஆகாது. நீர் மேலேறி ஆவியாகும், உப்பு மேலேயே தங்கும், விசிறிக் காற்று அதை இன்னும் வேகப்படுத்தும். குழியின் விளிம்பைக் குனிந்து பாருங்கள். நாரின் மேல் வெள்ளைப் பொருக்கு, விரல் பட்டால் மாவாக உதிரும். அது சரியாகத் தண்டின் கழுத்தைத் தொட்டு நிற்கும். அங்கே தோல் பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் அது பூஞ்சாணம் இல்லை, உப்புச் சூடு. மேலிருந்து மெல்லிய பூவாளியால், அடியில் பத்தில் ஒரு பங்கு வடியும்வரை ஊற்றி, வடிந்ததைக் கொட்டிவிட வேண்டும். வாரம் ஒருமுறை வடிந்த தண்ணீரை அளந்து, 1.5 காட்டினால் உரம் இல்லாத தண்ணீரை இரண்டு மடங்கு ஊற்றிக் கழுவிவிடுங்கள். முதல் நிஜ இலை விரிந்த பிறகுதான் உரம்: தழை, மணி, சாம்பல் சத்து சம அளவில் உள்ள 19:19:19, லிட்டருக்கு அரை கிராம், வாரம் இரண்டு தடவை. நாலிலை வந்ததும் ஒரு கிராம். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் கூடுதல் உரம் போடாதீர்கள். தண்ணீரின் கார அமில நிலை 7.5-ஐத் தாண்டி இரும்புச்சத்தைப் பூட்டியிருக்கும். சிட்ரிக் அமிலம் துளித்துளியாகச் சேர்த்து 6.2 பக்கம் கொண்டுவந்தால் அடுத்து வரும் இலை பச்சையாகவே வரும்.

நாற்றழுகல் வேறு மாதிரி இருக்கும். மண்மட்டத்தில் தண்டு நீர் கோர்த்து, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவி, மறுநாள் நூலாகச் சுருங்கிக் கன்று சாயும். சாய்ந்த பின்னும் இலை பச்சையாகவே இருக்கும், பித்தியம் பூஞ்சாணத்தின் அடையாளமே அதுதான். சாய்ந்த குழியை மட்டும் அல்ல, சுற்றியுள்ள எட்டுக் குழியையும் தோண்டி எடுத்துவிட வேண்டும். மீதிக்குக் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து வேர்ப்பகுதியில் ஊற்றி, ஒரு நாள் தண்ணீரை நிறுத்துங்கள். செம்பு மருந்து ஊற்றினால் விதையோடு போட்ட டிரைக்கோடெர்மாவும் பாதிக்கப்படலாம், அதனால் கண்டதும் ஊற்றுகிற மருந்தாக இதை வைத்துக்கொள்ளக்கூடாது. பழைய தட்டைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் கழுவாமல் மறுபடி எடுப்பதுதான் இந்த நோயை வீட்டுக்கு அழைக்கும் நேர்வழி.

இலைப்பேன் வந்தால் இலை ஓரம் மேல்நோக்கிச் சுருளும், முரணைச் சிலந்தி வந்தால் கீழ்நோக்கி. வெள்ளைத் தாள்மேல் கொழுந்தைத் தட்டினால் ஒரு மில்லிமீட்டரும் இல்லாத வைக்கோல் நிற இலைப்பேன் ஊர்வது தெரியும். 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) வலை அதைத் தடுக்காது, மட்டுப்படுத்தும், அவ்வளவே. நீல ஒட்டுப்பொறி ஒன்று தொங்கட்டும். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 3 மி.லி., சோப்புக் கரைசல் சில துளி, விளக்கு அணைந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டும். விளக்கு எரியும்போது தெளித்தால் இலை கருகும். சிலந்திக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், ஆனால் வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் கழியாமல் தொடக்கூடாது.

ஆவணிக் கடைசியில் விதைத்தால் ஐப்பசி தொடக்கத்தில் கன்று 12 முதல் 15 செ.மீ. உயரம் நிற்கும். அங்கிருந்து எட்டு நாள் வெளியே பழக்க வேண்டும். முதல் இரண்டு நாள் சுவரின் காற்றுப்படாத பக்கம், 50 சத நிழல்வலைக்குக் கீழே, காலை இரண்டு மணி நேரம் மட்டும். பிறகு தினம் ஒரு மணி நேரம் கூட்டி, தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வரலாம். கடல்காற்று பலமாக அடித்த சாயங்காலம் நல்ல தண்ணீரை இலைமேல் தெளித்து உப்பைக் கழுவிவிடுங்கள்.

நடவை நாளைப் பார்த்து வைக்காதீர்கள், மழையைப் பார்த்து வையுங்கள். நல்ல மழை இரண்டு பெய்தால் மேல்மண் உப்பு கீழே இறங்கும். அதற்கு முன் நட்டால் 40 நாள் உழைப்பும் ஒரு வாரத்தில் கருகும். மழை தள்ளிப்போனால் கன்றைத் தட்டிலேயே பத்து நாள் வைத்திருக்கலாம், உரத்தை நிறுத்தினால் போதும். நடும்போது பாரின், அதாவது மண்மேட்டு வரிசையின், உச்சியில் வைக்க வேண்டாம், தண்ணீர் பாய்ச்சும் போதெல்லாம் உப்பு அங்கேதான் ஏறி உட்காரும். பாரின் பக்கச்சரிவில், பாதி உயரத்தில், சாயங்காலம் நடுங்கள்.