வாக்கர், ஃபுல்லர், டக்கர்: ஒரே தொழிலின் மூன்று பெயர்கள்

வாக்கர் என்ற குடும்பப்பெயரைக் கேட்டதும் 'நடப்பவர்' என்று பொருள் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பெயர் கம்பளித் துணியை மிதித்துத் துவைத்தவர்களுடையது. இங்கிலாந்தின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் அவர்கள் வாக்கர், தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கில் டெவன், சாமர்செட் பக்கம் டக்கர். தொழில் ஒன்றுதான், வட்டாரச் சொல்தான் வேறு.

தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி அப்படியே உடுத்த உதவாது. இழைகளுக்கு நடுவே இடைவெளி தெரியும். ஆட்டு ரோமத்தின் பிசுக்கும், நூற்கும்போது தடவிய எண்ணெயும் அதில் இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, நாள்பட்டுப் புளித்த சிறுநீரை ஊற்றி மிதிப்பார்கள். புளித்த சிறுநீரில் உண்டாகும் அம்மோனியா எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து சோப்பு போல வேலை செய்யும். மிச்ச எண்ணெயை உறிஞ்ச ஒருவகைக் களிமண் போடுவார்கள். நம் ஊரில் முகத்துக்குப் பூசும் முல்தானி மிட்டியும் அந்த இனத்து மண்தான். ஈரமும் சூடும் மிதியும் சேரும்போது ரோம இழைகளின் மேலுள்ள நுண்செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். துணி சுருங்கித் தடிக்கும், காற்றும் மழையும் எளிதில் புகாது.

இதில் கைப்பக்குவம் முக்கியம். மடிப்பை அடிக்கடி மாற்றிப் போடாவிட்டால் சுருக்கம் சீராக விழாது, மடிப்புத் தடம் நிலைத்துவிடும். அளவு மீறி மிதித்தால் துணி விறைத்து அகலம் குறைந்துபோகும். அதன்பின் மீட்க வழியில்லை. முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, கொக்கிகள் அடித்த மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள். இங்கிலாந்தில் 12-ம் நூற்றாண்டின் இறுதியில் நீர்ச்சக்கரத்தால் இயங்கும் மரச்சம்மட்டிகள் காலின் வேலையை எடுத்துக்கொண்டன. டெம்ப்ளர் துறவி வீரர்கள் 1185-ல் எடுத்த சொத்துக் கணக்கிலேயே அத்தகைய ஆலைகள் வருகின்றன. ஆலை வந்தபின்னும் தொழிலாளியின் பெயர் மாறவில்லை.

வாக்கர் என்பதன் வேரான பழைய ஆங்கில வினைக்குப் புரட்டுதல், உருட்டுதல் என்றுதான் பொருள். நடத்தல் என்ற பொருள் பிற்பாடு வந்தது. ஃபுல்லர் லத்தீன் வழி வந்த சொல். மூன்றில் எனக்குப் பிடித்தது டக்கர்தான். வதைத்தல் என்று பொருள்பட்ட பழைய வினை, துணியை அடித்துத் துவைப்பதற்கு ஆகிவந்தது. எக்ஸெட்டர் நகரில் நெசவாளர், துவைப்போர், கத்தரிப்போர் சங்கத்தின் பழைய மண்டபம் இன்றும் டக்கர்ஸ் ஹால் என்ற பெயரோடு நிற்கிறது.

வம்சம் தேடுகிறவர்கள் பெயரை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. 14-ம் நூற்றாண்டின் தலைவரிப் பட்டியல்களில் பல இடங்களில் பெயரோடு தொழிலும் இருக்கும். பெயர் வாக்கர், தொழில் வேறு என்றிருந்தால் அது அப்போதே பரம்பரைப் பெயராகியிருக்கலாம். தேவாலயப் பதிவேடுகள் 1538-லிருந்து தொடங்குகின்றன, ஆனால் எல்லா ஊரிலும் ஆரம்ப ஏடுகள் தப்பவில்லை. இங்கிலாந்து, வேல்ஸில் அரசுப் பிறப்பு, இறப்புப் பதிவு 1837 ஜூலை முதல்தான். அயர்லாந்து டக்கர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும்: ஓ டூஹர் போன்ற கேலிக் (அயர்லாந்தின் பழைய மொழி) பெயரை ஆங்கிலப்படுத்தி டக்கர் ஆக்கியவர்களும் உண்டு. அவர்களுக்கும் கம்பளித் தொட்டிக்கும் தொடர்பே கிடையாது.